நெல்வயலும் மூளைக்காய்ச்சலும்



நாகூரிலிருந்து திருவாரூருக்குப் புகைவண்டியில் செல்வோர், நாகப்பட்டினம் கடந்ததும் இருபுறமும் காண்பன நீர் நிறைந்த நெல்வயல்களே. வரப்பிலே கொக்கு நிற்கும். சற்றுத் தொலைவில் மாடுகள் மேயும். கண்ணுக்கினிய இக்காட்சியினுள் ஒரு நோயின் வரலாறும் அடங்கியிருக்கின்றது. அதுவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

இந்நோய் பெரும்பாலும் சிறுவர்களையே தாக்குவது. கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி ஆகியவற்றோடு தொடங்கும். பின்னர்க் கழுத்து விறைக்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும். கிருமி உடலிற் புகுந்தோருள் மிகச் சிலருக்கே மூளை தாக்குண்ணும் என்பது உண்மைதான். ஆயினும், அவ்வாறு தாக்குண்டோருள் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறப்பதுண்டு. பிழைத்தோரிலும் பலருக்குக் கைகால் நடுக்கமோ, பேச்சுக் குறைவோ, அறிவுக் குறைவோ நிலைத்துவிடுகின்றது. முன்வரிசையில் அமர்ந்து விடை கூறிய சிறுவன், தன் பெயரையும் எழுத இயலாதவனாய்ப் பள்ளிக்குத் திரும்புவதைவிட ஓர் ஆசிரியனுக்குத் துயரம் வேறென்ன?

ஜப்பான் நாட்டில் 1871ஆம் ஆண்டிலேயே இந்நோய் குறிக்கப்பெற்றது. 1924இல் அங்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 1935இல் இறந்தவர் ஒருவரின் மூளையிலிருந்து இதன் வைரஸைப் பிரித்தெடுத்தனர். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுவே அதனைச் சுமந்து வருவது என்பதும் அப்பத்தாண்டிலேயே தெளிவாயிற்று.

ஆனால், கொசுவுக்கு அக்கிருமி எங்கிருந்து கிடைக்கின்றது? 1950களில் தோக்கியோவைச் சூழ்ந்த சமவெளியில் புஷர், ஷெரர் முதலிய அமெரிக்க அறிஞர்கள் நிகழ்த்திய ஆய்வு இதற்கு விடை தந்தது. கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளும் பன்றிகளுமே அதனைப் பெருக்கித் தருவன. பன்றியின் குருதியில் கிருமி மிகுதியாகப் பெருகும். பன்றியோ பெரும்பாலும் நலமாகவே தோன்றும். மனிதக் குருதியில், கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு அது பெருகுவதில்லை. ஆதலின் நோயாளியை அஞ்சி விலக்குதல் அறியாமையே.

நம் நாட்டில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது தமிழகத்தில்தான். 1955இல், வேலூரை உள்ளிட்ட வட ஆர்க்காட்டுப் பகுதியில், நோயுற்றோரின் குருதியைச் சோதித்து உறுதி செய்தனர். 1973இல் மேற்கு வங்காளத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் இது கொள்ளைநோயாயிற்று. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நெல்வயல் நீரே காரணமாயின், காவிரி பாயும் தஞ்சைத் தரணியன்றோ முதலில் துன்புற்றிருக்க வேண்டும்? மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளின் குருதியை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கிருமி தொற்றிய பிள்ளைகள் மிகச் சிலரே! கடலூர்ப் பகுதியில் பன்றி ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மாடுகள் இருக்க, தஞ்சையில் ஏறத்தாழ 400 மாடுகள் இருந்தன. இக்கொசு பெரிதும் நாடுவது மாட்டின் குருதியையே. மாட்டின் உடலிலோ இக்கிருமி போதிய அளவு பெருகுவதில்லை. மாட்டைக் கடித்த கொசுவால் நோய் மேற்செல்ல வழியில்லை. இதுவே காரணமாகலாம் என அறிஞர் கருதினர். வண்டி இழுத்தும் ஏர் உழுதும் நம்மைக் காத்த மாடு, நாம் அறியாமலே இத்தொண்டையும் ஆற்றியிருக்கின்றது.

எனினும், இதனை நிலைத்த அரணெனக் கொள்ளலாகாது. மாட்டின் குருதியால் கொசுக்கூட்டம் பெருகுதலும் உண்டு. மேலும், உழவு மாட்டின் இடத்தை இன்று டிராக்டர் பெற்றுவிட்டது. மாடு குறைந்து பன்றி மிகுந்தால் அரண் தளரக்கூடும். அதற்காகப் பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஏழையரைப் பழித்தல் முறையன்று. பட்டியை வீடுகளுக்கு அப்பால் அமைக்க அவருக்குத் துணை செய்வதே முறை.

உறுதியான காப்பு வேறு உண்டு. இந்நோய் மிகுந்த மாவட்டங்களில் 2006 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடப்பெற்று வருகின்றது. உங்கள் ஊரில் அஃது இடப்பெறுமாயின், தம்பி தங்கையரைத் தவறாது அழைத்துச் செல்லுங்கள். மாலை மயங்கியதும் கொசு கடியாமற் காத்து, இரவில் வலைக்குள் உறங்கச் செய்யுங்கள். காய்ச்சலோடு வலிப்புக் கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வயலும் பறவையும் கால்நடையும் நாமும் ஒரே நீரைச் சார்ந்து வாழ்கின்றோம். ஒன்றன் நிலை மாறினால் மற்றதன் நலமும் மாறும் என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.