ஏரியின் வரவு செலவு

நம் மொட்டை மாடியில் நின்று செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து "கடல் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லாத விருந்தாளி இல்லை. அந்த ஏரியின் பழைய கதையைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. வங்கியில் கணக்கு எழுதியவன் நான். கதையும் வரவு செலவாகத்தான் வரும்.

இது முதலில் பாசன ஏரி. மழைநீரோடு வண்டலும் வந்து படியும். கோடையில் நீர் வற்றியதும் விவசாயிகள் வண்டலை மாட்டு வண்டியில் அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். நம் ஏரிகளில் பரவலாக இருந்த வழக்கம் இது. தூர்வாருவதும் கரை அடைப்பதும் குடிமராமத்து. ஆட்கள் வராமற்போகவே, 1858இல் வெள்ளைக்கார அரசு கட்டாய வேலைக்குச் சட்டமே போட்டது! ஏரிக்கு வரவான சத்து வயலுக்குச் செலவானது. கணக்கு நேராக இருந்தது.

1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. இணைப்புக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கும் நீர் வர, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஏரி சென்னையின் குடிநீர்த் தொட்டியானது. வயல்கள் மனைகளாயின, வண்டல் கேட்பவர் குறைந்துபோனார். வரவுப் பக்கம் மட்டும் ஏறுகிறது: கழிவுநீர், சோப்புத்தூள், உரம். இவற்றில் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு விருந்து. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் மூச்சுத் திணறும்.

வெளிநாட்டில் சோப்புக் கம்பெனிகள் ஒருகாலத்தில் பழியைக் கார்பன் மேல் போட்டன. 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஆனது. மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாதம் எதற்கு?

கனடா வரை போவானேன்? அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு என்று நீர் போகும். 1960களில் தொழிற்பேட்டை வந்தது, வீடுகள் பெருகின, பாதாளச் சாக்கடை மெதுவாகப் பின்னால் வந்தது. மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் ஓடியது, ஆகாயத்தாமரை படர்ந்தது. கொரட்டூர் மக்கள் இயக்கமாகச் சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

சென்ற வருடம் நம் சுத்திகரிப்பு நிலையத்தின் புளோயர் மூன்று மாதம் பழுதாகிக் கிடந்ததல்லவா? கழிவுநீரை லாரியில் அனுப்பினோம். பொருளாளராக ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான். எங்கே கொட்டினார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொகை சரியா என்று மட்டும் பார்த்தேன்.

புளோயர் ஓடினாலும் பாஸ்பரஸ் முழுதாகப் போய்விடாது. சுத்தம் செய்த நீரைத் தோட்டத்துக்கு விட்டால் செடிகள் எடுத்துக்கொள்ளும். புதுப் புளோயருக்கும் தோட்டக் குழாய்க்கும் அடுத்த பொதுக்குழுவில் பணம் கேட்கிறோம். இனி லாரி ரசீதில் கொட்டிய இடத்தையும் எழுதி வாங்கும்படி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன்.