கற்பிட்டிக் கோட்டையும் வெங்காய வரியும்

தரம் 9 மாணவர்களை ஒருமுறை கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்க அழைத்துச் சென்றேன். கடற்படையினரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே உள்ளே போக முடிந்தது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்த மதில்களைத் தடவிப் பார்த்த மாணவன் ஒருவன், "யாருக்குப் பயந்து கட்டின, சேர்?" என்று கேட்டான். "எதிரிகளிடமிருந்து பாதுகாப்பதற்காக" என்று வாயில் வந்த விடையைச் சொல்லிவிட்டு நடந்தேன். வீடு வந்த பிறகு அந்த விடை எனக்கே பிடிக்கவில்லை. அந்தக் கோட்டை கட்டப்பட்டது பீரங்கிக்குப் பயந்தல்ல. பாக்குக்கும் புடவைக்கும் பயந்து.

விடயத்தை விளக்க இன்னும் மூன்று நூற்றாண்டு பின்னே போகவேண்டியிருக்கிறது. கி.பி. 1344 இல் இப்னு பதூதா எமது புத்தளத்துக்கு வந்தார். அவர் தமது பயணக் குறிப்பில் சொல்லும் ஒரு செய்தியை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வதுண்டு. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையோரம் எங்கும் குவிந்து கிடக்கின்றன. மஃபர் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் அவற்றை விலை கொடுக்காமலே அள்ளிச் செல்கின்றனர். பதிலுக்கு அரசனுக்குப் புடவையும் அதுபோன்ற பொருட்களும் அன்பளிப்பாகக் கொடுக்கின்றனர். மஃபர் என்பது இன்றைய தமிழ்நாட்டின் கிழக்குக் கரை. அந்தக் 'அன்பளிப்பு' உண்மையில் ஒரு வரிதான் என்று வாதிடுவோர் இருக்கலாம். நானும் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வரி எவ்வளவு, எதற்காக என்பது கொடுப்பவனுக்கும் தெரிந்திருந்தது, வாங்குபவனுக்கும் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவற்றைப் பார்க்கும்போது இது சிறிய விடயமல்ல.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும், 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஆனால் கண்டியில் இரண்டாம் இராஜசிங்கன் இருந்தான். அவனது நாட்டுக்கு வேண்டிய புடவை புத்தளம் களப்பின் ஊடாக உள்ளே போனது. அவனது நாட்டின் பாக்கு அதே வழியால் வெளியே வந்தது. பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மலைநாட்டுக்கும் கரைக்கும் இடையில் நடந்தவர்களில் பெரும்பகுதியினர் எமது முன்னோர். மறுகரையில் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தோணியோடு காத்திருந்தனர். இந்த வாய்க்காலை அடைப்பதற்காகவே ஒல்லாந்தர் களப்பின் வாயிலில் கோட்டையை அமைத்தனர். 1667 இல் தொடங்கிய வேலை 1676 இல் முடிந்தது. ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை, 'தம்பி, இது கல்லால் கட்டிய சுங்கத் தீர்வை' என்பதே.

பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்தர் காலத்து வணிகத்தை அவர்களது ஆவணங்களைக் கொண்டே ஆராய்ந்தவர். பாக்கை நாம்தான் வாங்குவோம், புடவையை நாம்தான் விற்போம், எம்மிடம் அனுமதிச் சீட்டு இல்லாத தோணி ஓடக்கூடாது என்பதே கம்பனியின் கொள்கை. அதன் விளைவைத்தான் நாம் கவனிக்கவேண்டும். பாக்கு ஏற்ற முடியாத தோணிக்காரன் அரிசியை மட்டும் இறக்கிவிட்டு வெறுந்தோணியோடு திரும்ப விரும்பவில்லை. அரிசி வரவும் குறைந்தது. பாக்கில் கம்பனி இலாபம் கண்டது. கரையோரத்துச் சனம் சோற்றுக்குத் திண்டாடியது. வழமையான துறைகளை விட்டுச் சிறு துறைகளில் இரவில் தோணி ஒதுங்கியது. அதற்கு முதல்நாள் வரை 'வியாபாரி' என்று அழைக்கப்பட்டவன், எந்தத் தொழிலையும் மாற்றிக்கொள்ளாமலே 'கள்ளக் கடத்தல்காரன்' ஆனான்.

ஆங்கிலேயர் காலத்தைப் பற்றி இங்கு அதிகம் சொல்லப்போவதில்லை. தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் வேண்டியிருந்ததால் அவர்கள் கடலைத் திறந்து வைத்தனர். 1914 இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்தபின் சென்னையில் புகைவண்டி ஏறியவன் ஒரே சீட்டில் கொழும்புக்கு வந்திறங்கினான். அக்கரையிலிருந்து வந்து கடை வைத்த முஸ்லிம்களை எமது பெரியவர்கள் 'சம்மான்காரர்' என்பார்கள். சம்மான் என்பது ஒரு வகைத் தோணி. 1911 குடிசனமதிப்பீடு இவர்களை 'இந்தியச் சோனகர்' என்று எம்மிலிருந்து பிரித்து எண்ணியது. 1915 கலவரத்தில் முதல் அடி விழுந்ததும் இவர்களது கடைகள்மீதுதான். நாமும் அவர்களும் வேறு என்று நிறுவுவதில் எம்மவர் சிலர் அன்று காட்டிய அவசரம் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

சுதந்திரத்தின் பின்னர் வந்தது கடதாசி மதில். நாணயமாற்றுக் கட்டுப்பாடு, இறக்குமதி அனுமதிப்பத்திரம், 1949 நவம்பர் முதலாம் திகதி தொடக்கம் கடவுச்சீட்டும் விசாவும். என் உம்மாவின் வாப்பா கீழக்கரைக்குத் தோணியில் போய்வந்தவர். கொப்பரா, கருவாடு கொண்டுபோய், சாரமும் பாயும் கொண்டுவருவாராம். "நாங்க அக்கரைக்குப் போற" என்று சொல்வாரே தவிர இந்தியாவுக்குப் போவதாக அவர் சொல்லவே மாட்டாராம். 1949 க்குப் பிறகு அவர் போகவில்லை. அங்கிருந்த அவரது சாச்சியின் மையித்தைப் பார்க்கவும் போக முடியவில்லை.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பையும் எழுதியாகவேண்டும். மதில்களால் நன்மை அடைந்த வீட்டில் பிறந்தவன் நான். 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி இறுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் தலைநிமிர்ந்தார்கள் என்பது பலரும் அறிந்தது. கற்பிட்டி மணலில் மிளகாய் நட்ட என் வாப்பாவும் அப்படித்தான். எமது கல்வீடு அந்த மிளகாயால் எழுந்தது. அதே ஆண்டுகளில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களும் எமது ஊரார்தான் என்பதை வாப்பா மறைத்துப் பேசியதில்லை. 1977 இன் பின் கதவு ஒரே நாளில் திறந்ததுபோல் திறந்தது. மிளகாய் விலை சரிந்தது. வீட்டின் பின்பக்கச் சுவருக்கு இன்றுவரை சாந்து பூசப்படவில்லை. ஆகவே 'தடைகளை அகற்றுங்கள்' என்று யாராவது மேடையில் முழங்கும்போது என்னால் உடனே கைதட்ட முடிவதில்லை.

இனி உடன்படிக்கைகளின் காலம். இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28 இல் கைச்சாத்தாகி 2000 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பெரிய நாடு தன் தீர்வைகளை மூன்று ஆண்டுகளில் நீக்க, சிறிய நாட்டுக்கு எட்டு ஆண்டுகள் தவணை கொடுக்கப்பட்டது. இது நியாயமான ஏற்பாடு. இந்தியாவுக்கான எமது ஏற்றுமதி 2000 இல் ஐந்தரைக் கோடி டொலர் அளவில் இருந்து 2005 இல் ஐம்பத்தைந்து கோடி டொலரைத் தாண்டியது. பத்து மடங்கு! ஆனால் அந்தப் பத்து மடங்கினுள் என்ன இருந்தது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. பெரும்பங்கு செம்பும் வனஸ்பதியும். இவ்விரண்டும் எமது நாட்டில் விளைபவையல்ல. வெளிநாட்டுப் பாம் எண்ணெயை இங்கே குறைந்த தீர்வையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவின் சொந்தத் தீர்வை உயரமாக இருந்ததால் கிடைத்த இலாபம் அது. இந்தியா 2006 இல் ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன் என்று எல்லை வகுத்தது. பின்னர் ஆலைகள் மூடப்பட்டன.

எமது நாட்டில் உண்மையாகவே விளையும் தேயிலைக்கோ தொடக்கத்திலிருந்தே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று அளவு கட்டப்பட்டது. ஆடைகளுக்கு எண்பது இலட்சம் உருப்படிகள். அவற்றில் அறுபது இலட்சம் இந்தியத் துணியிலேயே தைக்கப்படவேண்டும். அத்தோடு, குறித்த சில இந்தியத் துறைமுகங்கள் ஊடாகவே அவை நுழையலாம் என்றும் ஆரம்பத்தில் நிபந்தனை இருந்தது. தீர்வையைக் குறைத்துவிட்டு வாசலைத் தூரத்தில் வைக்கும் கலை ஒல்லாந்தருக்கு மட்டும் உரியதல்ல.

நாமும் சளைத்தவர்களல்லர். விவசாயப் பொருட்களில் பெரும்பாலானவற்றை எமது விலக்குப் பட்டியலில் போட்டுக்கொண்டோம். அதன்மேல் துறைமுக வரி, செஸ் என்று வேறு பெயர்களில் புதிய தட்டுகளை அடுக்கினோம். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் விசேட வியாபாரப் பண்ட அறவீடு வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் எல்லாம் அதற்குள் அடங்கின. ஒரு வர்த்தமானி போதும், இரவோடிரவாக வரி ஏறும் அல்லது இறங்கும். கற்பிட்டியில் வெங்காயம் கிளப்பும் வேளையில் வரி இறங்கிய ஆண்டுகளும் உண்டு. எல்லோரும் விற்றுமுடித்த பிறகு ஏறிய ஆண்டுகளும் உண்டு. இந்தியாவும் தன் பங்குக்கு 2019 செப்டெம்பரிலும் 2020 செப்டெம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. கடைசித் தடை 2024 மே மாதம்வரை நீடித்தது. அந்த நோன்பு மாதத்தில் பெரிய வெங்காயத்தை எண்ணி வாங்கிய வீடுகளை நானறிவேன்.

தென்னாசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கைச்சாத்தாகி 2006 இல் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் இப்பிராந்தியத்து நாடுகள் தமக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஐந்து வீதமளவில்தான் நிற்கிறது. 2014 கத்மண்டுக்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே கூடவில்லை.

மஞ்சள் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. உள்நாட்டுச் செய்கையை ஊக்குவிப்பதற்காக என்று 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் மஞ்சள் நட்டு எடுக்க ஒன்பது மாதமாவது வேண்டும். தடைக்கு ஒன்பது நாள்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு கொரோனாவும் வந்துவிட, விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்குப் போனது. கடைகளில் விற்ற மஞ்சள்தூளில் கோதுமை மா கலந்திருந்தது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கடலில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. முன்பு தங்கமும் பீடி இலையும் பிடிபட்ட அதே கடல். பிடிபட்டவர்களில் அநேகர் இயந்திரப் படகோட்டிகள், மூட்டைகளின் சொந்தக்காரர்களல்லர். அக்காலத்தில் என் வகுப்பில் இரண்டு கதிரைகள் சில நாட்கள் வெறுமையாக இருந்தன. காரணத்தை நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவு தூரம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. தலைமன்னாருக்கான ரயில் பாதை 2015 இல் திரும்ப வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். எமது கரைக்கு வெங்காயம் வரும் வழி மாறவில்லை. அது கொள்கலனில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டையில் கைமாறி, நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் மேல் லொறியில் ஏறி எமது ஊருக்கு வருகிறது. சிறிய வியாபாரி ஒருவன் பத்து மூட்டைக்கு உரிய தீர்வையை நேர்மையாகக் கட்டி மன்னாரில் இறக்க ஒரு வாசல் இல்லை.

அடுத்த வாரம் வகுப்பில் என் விடையைத் திருத்திக்கொண்டேன். பாக்கையும் புடவையையும், அப்படியே வெங்காய வரி வரைக்கும் சொன்னேன். முன்வரிசை மாணவன் எழுந்து, "அப்ப வெங்காயத்துக்கு வரி போடாம விடோணும், சேர்" என்றான். அவனுடைய வாப்பா மீன்பிடிக்கிறார். பின்வரிசையிலிருந்து உடனே எதிர்ப்பு வந்தது: "வரி இல்லாட்டி எங்கட வெங்காயத்த யாரு வாங்குற?" அவனுடைய வாப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். எவ்வளவு வரி, எந்த மாதத்தில், எத்தனை மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். மணி அடித்துவிட்டது. அவர்கள் வெளியே போகும்போதும் மாதத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள்.