மாடிக்கு மேல் ஒரு சொத்து

இது கிரிவலத் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சீனிவாசப் பெருமாள் குன்று. அதன் படியில் வைத்துத்தான் சித்தப்பா கேட்டார்: “கீழ்வீடு உனக்கு, மாடி கட்டுற உரிமை எனக்குன்னு எழுதிக்குவோமாப்பா?” வெறும் காற்றுக்குப் பத்திரமா என்று சிரித்தேன்.

அப்புறம்தான் படித்தேன். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் ஐம்பது மாடிக்கும் அதிகமாகக் கட்ட நகரம் அனுமதி மறுத்தது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. கட்டாத உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. மும்பையின் 1991 விதிகள், சாலைக்கு நிலம் விட்டவர்களுக்கு அந்த உரிமையைச் சான்றிதழாகவே கொடுத்து, விற்கவும் விட்டன.

ஆக, காற்றுக்கு விலை உண்டு. ஆனால் மாடியைத் தாங்குவது கீழ்வீட்டு அஸ்திவாரம். அது யார் பொறுப்பு, படிக்கட்டு எந்தப் பக்கம், மனையில் பிரிபடாத பங்கு எவ்வளவு, எல்லாம் எழுதணும் என்றேன்.

“என்மேல நம்பிக்கை இல்லயா?”

“நமக்கு நம்பிக்கை போதும் சித்தப்பா. பத்திரம் நம்ம பிள்ளைகளுக்கு.”