கரை மாறும் கிளிஞ்சல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டுபவர் கண்ணில் முதலில் படுவது உப்புக் குவியல். பாத்திகளுக்கு அப்பால் அலை கிளிஞ்சலை ஒதுக்கிக்கொண்டிருக்கும். அதே சாலையில் வடக்கே மாமல்லபுரத்துக் கடைகளில் சோழி பதித்த கண்ணாடிச் சட்டம், சிப்பித் தோரணம், சங்கு விளக்கு எல்லாம் தொங்கும். பார்த்த மாத்திரத்தில், இந்தக் கரையில் பொறுக்கிச் செய்தவை என்று தோன்றும். ஆனால் கிளிஞ்சல் அலங்காரம் ஒரு கரையில் எடுத்து, இன்னொரு ஊரில் அறுத்து, மூன்றாவது ஊரில் விற்கப்பட்ட சரக்காகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது.

சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் குஜராத் கடற்கரையில் நாகேஸ்வர் என்ற ஊர் சங்குப் பட்டறையாகவே இருந்தது. அங்கே அறுத்த சங்கு வளையலாகவும் கரண்டியாகவும் உருமாறியது. மரச்சாமான்களில் பதிக்கும் சில்லுகளையும் சிந்துவெளிக் கைவினைஞர்கள் சங்கிலிருந்து நறுக்கினார்கள். கடலையே பார்க்காத ஹரப்பாவிலும் அவை கிடைத்துள்ளன. அறுத்த தடங்களை ஆராய்ந்த தொல்லியலாளர் ஜோனதன் கெனோயர், அவர்களுடைய வெண்கல ரம்பத்துக்கு வளைந்த வாய் இருந்திருக்க வேண்டும் என்று கண்டார். வங்காளத்துச் சங்கறுப்பவர்கள் அண்மைக்காலம் வரை பிடித்த பிறை வடிவ இரும்பு ரம்பத்தின் வாயும் அப்படித்தான்.

2000 ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கு முறை வந்தது. கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் குறிப்பிடும் ‘சோபட்மா’ துறைமுகம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தெற்கே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த மண்ணிலேயே அறுத்த சங்குகளும் கிடைத்தன. சங்கறுக்கும் தொழில் அகநானூற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. நக்கீரரின் குலத்தொழிலே அதுதான் என்ற கதை நாம் எல்லோரும் கேட்டதுதானே!

பிறகு சங்கு வடக்கே பயணப்பட்டது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணக் கடலிலும் மூழ்கி எடுத்த சங்குகள் கீழக்கரை வணிகர்கள் போன்றோர் வழியே வங்காளத்துக்குப் போயின. டாக்காவின் சங்காரி பஜாரில் அவற்றை வளையலாக அறுத்தார்கள். காலால் சங்கை அழுத்திப் பிடித்து, இரு கையாலும் கனத்த ரம்பத்தை இழுப்பார்கள். வெள்ளைத் தூள் உடம்பெல்லாம் படியும். வங்காளத்து மணப்பெண்ணின் கையில் ஏறிய வெண்வளை இப்படித் தென்கடலில் பிறந்தது. இதில் கொழித்த வருமானத்துக்காக டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சங்குகுளிப்பைத் தங்கள் உரிமையாக்கிக்கொண்டார்கள்.

சோழமண்டலக் கரையின் சாதாரணக் கிளிஞ்சலுக்கு வேறொரு பெருமை வாய்த்தது. அதைச் சூளையில் நீற்றி, நீர் தெளித்துச் சுண்ணாம்பாக்கி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் அந்தச் சுவர்களையும் தூண்களையும் பளிங்கோ என்று வியந்தார்கள். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவரும் இதே கைப்பக்குவத்தின் உறவுதான்.

மேற்குக் கரையில், கண்ணாடி எளிதில் கிடைக்காத காலத்தில், கோவாவின் வீடுகள் தட்டையான மெல்லிய சிப்பிகளைச் சன்னல் சட்டங்களில் பொருத்திக்கொண்டன. வெளிச்சம் வரும், வெயில் சுடாது. ஸ்பெயின் ஆட்சியில் மணிலாவும் இதே சிப்பியால் சன்னல் அமைத்தது. பிலிப்பைன்ஸ் பின்னாளில் அதையே விளக்குக் கூடாகவும் காற்றில் கிணுகிணுக்கும் தோரணமாகவும் மாற்றி உலகச் சந்தைக்கு அனுப்பியது.

அட்லாண்டிக் பக்கம் எட்டுப் பட்டைப் பெட்டிக்குள் சின்னஞ்சிறு கிளிஞ்சல்களைப் பூவாக அடுக்கிய ‘மாலுமியின் காதல் பரிசு’ 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றது. நீண்ட பயணத்தில் கடலோடிகள் தம் கையால் செய்தவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஒரு பெட்டியைப் பழுதுபார்த்தபோது உள்ளிருந்து பார்படோஸ் செய்தித்தாள் எட்டிப்பார்த்தது. பெரும்பாலானவை அத்தீவின் கைவினைஞர்கள் செய்து, பிரிட்ஜ்டவுன் கடையில் மாலுமிகள் விலைக்கு வாங்கியவை!

லண்டனில் 1830களில் மார்க்கஸ் சாமுவேல் என்ற வியாபாரி கீழைநாட்டுக் கிளிஞ்சல்களை இறக்கினார். அவை ஒட்டிய சிறு பெட்டிகள் ‘பிரைட்டன் பரிசு’ போன்ற எழுத்துகளோடு ஆங்கிலேயக் கடற்கரை ஊர்களில் விற்றன. தூர தேசத்துக் கிளிஞ்சல் பிரைட்டன் கரையின் நினைவாக வீடு போய்ச் சேர்ந்தது. அவருடைய மகன்கள் மண்ணெண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய ‘மியூரெக்ஸ்’ கப்பல் 1892இல் எண்ணெயோடு சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. மியூரெக்ஸ் என்பது முள்சங்கு இனம். 1897இல் நிறுவிய எண்ணெய்க் கம்பெனிக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ஷெல்’. பெட்ரோல் பங்க்கில் நாம் பார்க்கும் மஞ்சள் சிப்பி, ஒரு பரிசுப்பெட்டிக் கடையின் வாரிசு.

இத்தனை பேர் வாரியதில் சில இனங்கள் கடலில் அருகிப்போயின. 2001இல் இந்தியா நாட்டிலஸ், ராட்சத மட்டி உள்ளிட்ட பல சங்கு, சிப்பி இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அலங்காரக் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இனி விலையாக இருக்கக் கூடாது. எந்தக் கடலில் எடுத்தது, என்ன இனம் என்று கேட்போம். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்கினால், வாங்குகிறவருக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.