சேலத்து வேட்டைக் கத்தியும் ஷெஃபீல்டு பேனாக்கத்தியும்

கூடுவாஞ்சேரி வீட்டுக் கூடத்தில், செய்தித்தாள் விரித்த மேசைமேல், போன வாரம் இரண்டு கத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று என் தாத்தா சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிய மடக்குப் பேனாக்கத்தி. 1985-இல் அந்த மார்க்கெட் எரிந்துபோவதற்கு முப்பது வருடம் முந்தி வாங்கியது. மற்றது செங்கல்பட்டு நண்பர் ஒருவர் கொண்டுவந்த வேட்டைக் கத்தி, மடங்காதது. இரண்டுக்கும் மான்கொம்புப் பிடி. இரண்டின் அலகிலும் ஆங்கில எழுத்து. தாத்தாவுடையதில் ஷெஃபீல்டு ஜோசப் ராஜர்ஸ். நண்பருடையதில் அர்ணசெல்லம், சேலம்.

பழைய கத்தி சேர்ப்பவர்கள் கையில் எடுத்ததும் முத்திரையைத் தேடுவார்கள். நான் பிடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். முத்திரையை எவரும் குத்திவிடலாம். ராஜர்ஸ் பெயரை அந்தக் காலத்திலேயே பலர் திருடிக் குத்தினார்கள். கடமான் கொம்பை அப்படிச் செய்ய முடியாது.

ஆனாலும் ஷெஃபீல்டு கத்தியின் முத்திரையில் படிக்க நிறையவே இருக்கிறது. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த ராஜர்ஸ் சின்னம் 1764-இலிருந்து வருவது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் கத்திக்காரர்கள் என்ற உரிமை கிடைத்தது. அதன்பின் அலகில் கிரீடமும், அதன் இருபுறம் ஆள்பவரின் முதலெழுத்துகளும் ஏறின. வி ஆர் என்றால் விக்டோரியா காலம். ஜி ஆர் என்றால்தான் தடுமாற்றம். நான்காம் ஜார்ஜாகவும் இருக்கலாம், இருபதாம் நூற்றாண்டின் ஐந்தாம், ஆறாம் ஜார்ஜாகவும் இருக்கலாம். முடிச்சை அவிழ்ப்பது கீழே இருக்கும் ஒரே சொல்: இங்கிலாந்து. எந்த நாட்டுச் சரக்கு என்று அதன்மேலேயே எழுதியாக வேண்டும் என அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. 1891 முதல் ஏற்றுமதிக் கத்திகளில் நாட்டின் பெயர் பரவலாக வந்தது. தாத்தாவின் கத்தியில் ஜி ஆரும் உண்டு, இங்கிலாந்தும் உண்டு. ஆகவே அது இருபதாம் நூற்றாண்டுக் கத்தி. அலகு கறுத்து, சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டது 1913-இல். இது அந்த எஃகு அல்ல, பழைய கார்பன் எஃகு.

சேலத்துக் கத்திக்கு இப்படி வரிசையாகப் படிக்க எதுவும் கிடையாது. கிரீடம் இல்லை, ஆண்டை ஊகிக்க ஒரு சொல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்குப் போன வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகப் பன்றி குத்தும் ஈட்டியும் வேட்டைக் கத்தியும் செய்து பேரெடுத்தவர் சேலம் அருணாசல ஆசாரி. அந்தப் பெயரைத்தான் ஆங்கிலக் காது கேட்டபடி அர்ணசெல்லம் என்று அலகில் பொறித்தார்கள். பெயர் சரியான எழுத்துக்கூட்டலோடு, அச்சுப்போல் நேர்த்தியாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இங்கே பார்க்க வேண்டியது வேலைப்பாடு: கைக்காப்பும் அலகும் சேரும் இடத்தில் அரம் ஓடிய தடம், கொம்புக்குள் அலகின் வால் இறங்கி உட்கார்ந்திருக்கும் இறுக்கம். நண்பரின் கத்தியில் அந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சேகரிப்பவர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவை நம்பிப் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், பிறகு ஷெஃபீல்டு போனார். உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் அங்கே காப்புரிமை பெற்றார். நல்ல எஃகின் விலை அதனால் சரிந்தது. ஷெஃபீல்டு கத்திகள் உலகமெல்லாம் போனதில் சேலத்து மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கொம்பும் அப்படித்தான் போனது. ஷெஃபீல்டு பட்டறைகள் விரும்பி வாங்கியது இந்தியக் கடமானின் கொம்பை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆண் கடமானை நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்: கொம்பு தடித்தது, மேலே கருவேலம்பட்டை போல வரிவரியாகப் பிளந்தது. மாட்டுக்கொம்பு உள்ளே கூடு. மான்கொம்பு எலும்பு, மான் அதை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். கடமான் கொம்பில் நடுவிலுள்ள பஞ்சுப்பகுதி குறைவு என்பதால் அறுத்துப் பிடி போட வாகாக இருக்கும். வேட்டைக் கத்திக்குப் பெரும்பாலும் கொம்பை உருண்டையாகவே துளைத்துச் செருகுவார்கள். மடக்குக் கத்திக்கு மேல்பட்டையோடு இரண்டு சில்லுகள் அறுத்து, இருபுறமும் ஆணியடித்துப் பொருத்துவார்கள்.

லென்ஸை வைத்துப் பாருங்கள். அசல் கொம்பில் பள்ளம் கறுத்திருக்கும், கை பட்டுத் தேய்ந்த மேடு வெளுத்திருக்கும். ஒரு பக்கத்து வரி மறுபக்கத்தில் அப்படியே வராது. மாட்டெலும்பைச் செதுக்கிச் சாயம் ஏற்றிய போலியில் பள்ளங்களின் விளிம்பு கூராக, ஒரே ஆழத்தில் இருக்கும். செதுக்கு நிற்கும் இடத்தில் எலும்பின் நுண்துளைகள் புள்ளியாகவும் கோடாகவும் தெரியும். பிளாஸ்டிக்கில் துளையே கிடையாது. பழைய செல்லுலாய்டு பிடியானால் இன்னொரு அடையாளம்: அது மெல்லக் கக்கும் ஆவியால் பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகு அரித்துப்போயிருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தி மோந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். பிடியில் தழும்பு விழும், செல்லுலாய்டானால் தீப்பிடித்துவிடும்.

தாத்தாவின் கத்தியை அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பக்கம் கடமான் கொம்பு, மறுபக்கம் செதுக்கிய எலும்பு. ஆணிகளும் அந்தப் பக்கம் வேறு. கீழே விழுந்து ஒரு சில்லு உடைந்ததாம். செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டு வாங்கினாராம். அப்பா சொன்னார். சந்தையில் இதை முழு அசல் என்று விற்க முடியாது, விற்கவும் கூடாது. அலகு அசல், பிடி பாதி பழுதுபார்த்தது என்று எழுதி வைப்பதே நேர்மையான அடையாளம். சேலத்துக் கத்தியோ செய்தவர் கையை விட்டுப் போனபோது இருந்தபடியே முழுசாக இருக்கிறது. சேகரிப்பில் அதற்குத்தான் முதலிடம் என்பேன்.

"இந்த எலும்பைக் கழற்றிட்டு நல்ல கொம்பாப் போட்டுடலாமேங்க" என்றார் நண்பர்.

கொம்புக்கு எங்கே போவது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் கொம்பில் வியாபாரம் செய்வது குற்றம். காட்டில் உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. பழைய கத்தியாக இருந்தாலும் வாங்குமுன் வனத்துறையிடம் கேட்டுவிடுவதுதான் சரி. 1990-களின் கடைசியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியபின் வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறியது. புதுப் போலிகளுக்கும் கிராக்கி வந்தது. இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன்.

அவர் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நான் தாத்தாவின் கத்திக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எலும்புப் பக்கம் மேலே தெரியும்படி மேசை இழுப்பறையில் வைத்தேன்.