சங்கொலிக்குப் பின் வந்த வலைகள்

சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில் (நம்மில் பலருக்கு அது இன்னமும் எம்.டி.எச். ரோடுதான்) பேருந்தில் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பாடியில் தொடங்கி அம்பத்தூர் தாண்டும்வரை நிறுத்தங்களில் ஊர்ப்பெயர்களோடு ஆலைப்பெயர்களும் விரவிக் கிடக்கின்றன. லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப். நடத்துநர் பெயரைக் கூவியதும் இறங்க வேண்டியவர் எழுந்து நிற்கிறார். டன்லப்பில் இன்று டயர் செய்வோர் எவருமில்லை. 1959இல் தொடங்கிய அந்த ஆலை பலமுறை மூடித் திறந்து கடைசியில் ஓய்ந்தது. 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தையே கலைக்கும்படி உத்தரவிட்டது. பெயர் மட்டும் நடத்துநரின் குரலில் மிஞ்சியிருக்கிறது.

வலைப்பின்னல்கள் நம் அன்றாடத்தை மாற்றிவிட்டன என்று பேசத் தொடங்குபவர்கள் 1995 ஆகஸ்ட் 15ஐ, விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாளை, முதற்புள்ளியாக வைப்பது வழக்கம். மேற்குப் புறநகரின் கதையை அப்படித் தொடங்கினால் பாதிக்குமேல் விட்டுப்போகும். எங்கிருந்தோ வரும் ஒரு வலை மனிதர்களின் விழிப்பையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்துவது இவ்வூர்களில் கைபேசியோடு வந்த சங்கதியன்று. அதற்கு முன்பே மூன்று தலைமுறைகள் அப்படித்தான் வாழ்ந்தன. அந்த வலைகளின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய நிலையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டபோது இவ்வழியாகவே சென்றது. அன்று இவை ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்கள். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அது கடந்துபோகும் ரயிலாகவே இருந்தது. நின்று ஆளை ஏற்றிக்கொள்ளும் ரயிலாக அதை மாற்றியவை ஆலைகள். 1949இல் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனமொன்றோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் ஆலையைத் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. (ஆவடி என்னும் பெயரே ராணுவ வாகனங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று உறுதியாகச் சொல்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு ஆறாண்டு முன்பே காங்கிரஸ் கூடியது ஆவடியில்தான் என்று நினைவூட்டினால் சிறிது வருத்தப்படுகிறார்கள்.)

அக்காலத்து வலையின் குரல் சங்கு. ஆலைச் சங்கு ஊதினால் வேலைக்குப் போகிறவர் மட்டுமல்ல, ஊரே நேரம் அறிந்தது. வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால் சங்கை வைத்துத் திருத்தினார்கள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் தகப்பனைப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்கத் தூங்கும் முகமாகவே பார்த்தார்கள். பட்டரவாக்கத்தில் ரயில் நின்றதும் நடைமேடை நிறையும். சற்று நேரத்தில் காலியாகும். சீசன் டிக்கெட்டும் சாப்பாட்டுத் தூக்கும் சைக்கிளும் ஒரே குடும்பத்தின் உறுப்புகள் போலிருந்தன. தாம் ஏறிப் போன சைக்கிளைத் தாமே செய்தவர்கள் இவ்வூரில் இருந்தார்கள் என்பது இப்போது நினைத்தால் வியப்பளிக்கிறது.

எஸ்டேட் என்று சுருக்கமாக வழங்கும் தொழிற்பேட்டைக்குள் இன்னொரு வலையும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியாட்கள் அதை அதிகம் அறிந்ததில்லை. ஒரு பட்டறையில் வார்ப்பு, இன்னொன்றில் லேத் வேலை, மூன்றாவதில் அரைத்து மெருகேற்றல், நான்காவதில் பிளேட்டிங். ஒரு சிறிய இரும்பு உருப்படி முழுமையடைவதற்குள் நாலைந்து கூரைகளின் கீழ் தங்கி எழுந்துவிடும். ஜாப் ஒர்க் என்பது இதற்குப் பெயர். உருப்படிகள் சைக்கிள் கேரியரிலும் மீன்பாடி வண்டியிலும் பயணம் செய்தன. அவற்றோடு கார்பன் தாள் வைத்து எழுதிய டெலிவரி சலான் ஒன்றும் போகும். எந்தப் பட்டறையில் எந்த ஆள் நூலிழை பிசகாமல் கடைவார், யாரிடம் கொடுத்தால் ஒரு வாரம் இழுப்பார் என்பதெல்லாம் தேநீர்க் கடைகளில் சேமித்து வைக்கப்பட்ட தகவல்கள். இதையும் ஒரு வலைப்பின்னல் என்று அழைப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

தொலைபேசி இவ்வலைக்குள் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சிறு பட்டறைகளின் பில் புத்தகத்தில் எண்ணுக்கு முன்னால் பி.பி. என்று அச்சிட்டிருப்பார்கள். அது பக்கத்துக் கடைக்காரரின் எண். அழைப்பவர் காத்திருக்க, கடைப்பையன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போவான். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் உள்நாட்டிலேயே இணைப்பகங்களை வடிவமைத்ததைத் தொடர்ந்து, எண்பதுகளின் இறுதியில் மஞ்சள் பலகை தொங்கும் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக அங்கே ஒரு வரிசை நிற்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேசுபவரின் குரல் உயர உயர, வெளியே நிற்பவர்கள் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தியும் பெண் பார்த்த செய்தியும் அந்நியர் நடுவிலேயே வந்து சேர்ந்தன.

1995இல் சென்னைக்குச் செல்பேசி வந்தது. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்வரை கட்டணம் இருந்த அக்கருவி எஸ்டேட்டில் முதலாளிகளின் சட்டைப்பையைத் தாண்டவில்லை. வரும் அழைப்புக்கும் காசு என்ற ஏற்பாடு 2003 மே மாதம் நீங்கியபிறகே அது லேத் மேசைக்கு வந்தது. அதன்பின் மிஸ்டு கால் என்றொரு மொழி பிறந்தது. ஒரு மணி அடித்து நின்றால் சரக்குத் தயார், இரண்டு முறை என்றால் உடனே வா என்பது போல ஆளுக்கொரு இலக்கணம் வைத்துக்கொண்டார்கள். ஒரு பைசா செலவில்லாமல் நடந்த அச்செய்திப் பரிமாற்றத்தை எந்தப் பொறியாளரும் திட்டமிடவில்லை.

இதற்கிடையில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உட்கார்ந்த தலைமுறை அங்கேதான் தேர்வு முடிவு பார்த்தது, வேலைக்கு விண்ணப்பித்தது. நம்மைப் போன்றோர் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையும் அங்கே முடிவான தமிழ்99 விசைப்பலகையையும் பற்றிப் பேசிப் பேசி மகிழ்ந்தோம். ஆனால் நாம் போன மையங்களில் தமிழ் எழுத்துரு இருந்ததில்லை, ஒவ்வொரு முறையும் இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவந்தவர்களில் கேபிள் டி.வி. அண்ணன்களுக்குப் பெரும்பங்குண்டு. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி, வேப்பமரக் கிளை வழியாக அவர்கள் இழுத்த கம்பியில்தான் முதலில் படமும் பிறகு இணையமும் வந்தன. மழை பெய்து இணைப்பு அறுந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வரலாம். இப்போது குறைகளைப் பதிவுசெய்து எண் வாங்கிக்கொள்கிறோம்.

எஸ்டேட்டுக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து மென்பொருள் நிறுவனங்கள் குடிவந்தபோது இரவு ஷிப்டு மீண்டும் வந்தது. அதற்குச் சங்கு இல்லை. வீட்டு வாசலில் வந்து நிற்கும் வாகனத்தின் ஓட்டுநர் விடுக்கும் அழைப்பே சங்கு. தகப்பன் ஆவடியின் நேரத்துக்கு வேலை செய்தார், மகள் அமெரிக்காவின் நேரத்துக்கு வேலை செய்தாள். தூக்கக் கலக்கம் இருவருக்கும் ஒன்றே.

2016இன் இறுதி வாரங்களை நாம் விரிவாக நினைவுகூர வேண்டும். நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. எஸ்டேட்டின் சிறு பட்டறைகளில் சனிக்கிழமைக் கூலி என்பது கையில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கம். அட்டையைத் தேயுங்கள், கைபேசியில் செலுத்துங்கள் என்று அறிவுரைகள் குவிந்தன. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, மரங்கள் கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தன. பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரமில்லை. செல்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. ரொக்கமும் இல்லை, ரொக்கத்துக்கு மாற்று என்று சொல்லப்பட்டதும் இல்லை. அந்த நாட்களில் பால் கிடைத்தது என்றால், மளிகைக்காரர் கல்லாவுக்கடியில் வைத்திருந்த நீள நோட்டில் நம் பெயரும் தொகையும் எழுதப்பட்டதால்தான். கணினிக்கு மிக முற்பட்ட அந்தத் தரவுத்தளம் அன்று நம்மைக் காப்பாற்றியது.

மறு ஆண்டு ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது, 2018 ஜூனில் தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கும் மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே அது பொருந்தும் என்பதால் கேரியரில் போகும் உருப்படிகள் தப்பின. ஆனால் சலானைக் கையால் எழுதி நீட்டிய மனிதர் இனி ஒரு கணக்காளரையோ கணினி தெரிந்த மகனையோ நம்பியிருக்க வேண்டியவரானார். வரைபடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, அளவு பிசகினால் அடுத்த நிமிடமே படம் எடுத்து அனுப்பலாம். அந்த வசதியைப் பழிக்க நமக்கு மனமில்லை. தாளில் கோடு போட்டு விளக்குவதற்காகவே வண்டியேறி வந்தவர்கள் இன்று அந்த நேரத்தில் இன்னொரு ஆர்டரை முடிக்கிறார்கள்.

நம்மை நெடுநாள் உறுத்துவது விரல்களின் விஷயம். இரும்போடும் எண்ணெயோடும் அமிலத்தோடும் முப்பது ஆண்டு புழங்கிய கையில் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. கருவியில் வைத்தால் அடையாளம் பொருந்தவில்லை என்கிறது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு கைரேகைப் பதிவு நியாயவிலைக் கடைகளுக்கு வந்தபோது, துணி துவைத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மங்கிய பெண்களும் அதே வரிசையில் நின்றார்கள். பிறகுதான் கருவிழிப் பதிவு சேர்ந்தது. வைப்புநிதி ஓய்வூதியம் பெறுபவரோ ஆண்டுக்கொருமுறை தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் அறிமுகமான ஜீவன் பிரமாண் முறையில் அதற்கும் விரலோ கருவிழியோ தேவைப்பட்டது. 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வழி திறந்தது. 2014 செப்டம்பர் முதல் இந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அதற்காக எச்சில் தொட்டு, வேட்டியில் துடைத்து, மறுபடி மறுபடி விரலை அழுத்துகிறவரைப் பார்க்கையில், தேய்மானத்தின் காரணம் அந்த விரல் செய்த வேலையே என்பது நினைவுக்கு வராமல் போவதில்லை. டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இவர் முகம் தெரிந்திருந்தது. தாமதமாக வந்தால் திட்டினார். ஆனால் நீ யார் என்று கேட்டதில்லை.

அண்மையில் எஸ்டேட்டில் புதுவகைக் கட்டடங்கள் எழுந்துள்ளன. சன்னல்கள் மிகக் குறைவு, மதில் உயரம், வாசலில் காவல். இவை தரவு மையங்கள். தொழிலுக்கென்று ஒதுக்கிய நிலமும், ஆலைகளுக்காக என்றோ அமைத்த உயரழுத்த மின்வசதியும், கடலடிக் கம்பிகள் கரையேறும் சென்னைக் கடற்கரைக்கு அருகாமையும் அவற்றை இங்கே இழுத்து வந்திருக்கின்றன. தமிழக அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023இல் என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூரில் தன் வளாகத்தைத் திறந்தது. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்ஷன் என்னும் கூட்டு நிறுவனம் பத்து ஏக்கரில் தொடங்கிய வளாகம் முதற்கட்டத்தில் 20 மெகாவாட், முழுமையடையும்போது 100 மெகாவாட். ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோவாட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் முதற்கட்டமே நாலாயிரம் வீடுகளுக்குச் சமம்.

சைக்கிள் ஆலை மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெருச் சிறுவனுக்கும் தெரியும். அவன் மாமாவோ பெரியப்பாவோ உள்ளே இருந்தார். இந்த மதில்களுக்குப் பின்னால் இருப்பது நம்முடைய புகைப்படமா, யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கா என்று எதிரே தேநீர் ஆற்றுபவரால் சொல்ல இயலாது. அவர் கடையின் ஒலிப்பெட்டி மட்டும் வந்த தொகையைத் தமிழில் அறிவித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஆட்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. மின்பணியாளர், ஜெனரேட்டர் இயக்குபவர், குளிர்சாதனம் பராமரிப்பவர், காவலாளி. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஒருகாலத்தில் ஃபிட்டர், டர்னர் பிரிவுகளுக்கு இடம் கேட்டுச் சிபாரிசோடு அலைந்த தகப்பன்மார்கள் இப்போது குளிர்சாதனப் பிரிவைப் பற்றி விசாரிக்கிறார்கள். வேலை கிடைத்தால் மகன் காலையில் அடையாள அட்டையைத் தொட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவான். எங்கே வேலை என்று உறவினர் கேட்டால், அந்நிறுவனத்தின் பெயர் அவர்களுக்குப் பிடிபடாது என்பதால், டன்லப் ஸ்டாப்பிங்கிலிருந்து எத்தனை நிமிடம் என்று சொல்லிப் புரியவைப்பான்.