பூஞ்சேரியில் ஆட்டம், மியூனிக்கில் வழக்கு

2022 ஜூலை 28-லேருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும், மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரியில 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. 16 வயசு குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே நாட்கள்ல செஸ் உலகத்தோட இன்னொரு சண்டை மியூனிக் கோர்ட்ல நிலுவையில இருந்துச்சு. அது கோட் எழுதுறவங்க போட்ட வழக்கு.

ஸ்டாக்ஃபிஷ் தெரியும்தானே? லைச்செஸ்ல ஆடி முடிச்சதும், எங்க சொதப்பினோம்னு கண்டுபிடிச்சுக் காட்டுற எஞ்சின். 2008-லேருந்து வர்ற கட்டற்ற மென்பொருள், உரிமம் ஜி.பி.எல். 3. யார் வேணாலும் எடுக்கலாம், மாத்தலாம், காசுக்குக்கூட விக்கலாம். ஆனா வாங்குறவருக்கும் சோர்ஸ் கோடு, அதே உரிமைகள் போய்ச் சேரணும். ஜெர்மனியோட செஸ்பேஸ் நிறுவனம் 2021-ல ஃபேட் ஃபிரிட்ஸ் 2-ன்னு ஒரு எஞ்சினை வித்துச்சு. உள்ள இருந்ததுல பெரும்பகுதி ஸ்டாக்ஃபிஷ்தான். அதை வாங்குறவங்களுக்குச் சரியா சொல்லலைன்னு டெவலப்பர்கள் செஸ்பேஸோட உரிமத்தை ரத்து பண்ணி, அந்த ஜூலையிலேயே வழக்கும் போட்டாங்க.

இது நேரடியா டி.ஆர்.எம். வழக்கு இல்ல. ஆனா டி.ஆர்.எம்.முக்கு எதிரா எழுதப்பட்ட அதே உரிமத்துக்குப் பல் இருக்கான்னு பார்த்த வழக்கு.

அந்த உரிமம் ஏன் வந்துச்சு? டிவோன்னு அமெரிக்காவுல ஒரு டிவி ரெக்கார்டர். உள்ள லினக்ஸ். சோர்ஸ் கோடு தருவாங்க, நீங்க அதை மாத்திப் போட்டா பெட்டி ஏத்துக்காது. விதியை மீறாமலே விதியோட நோக்கத்தைக் காலி பண்ணிட்டாங்க! இதுக்குப் பதிலாத்தான் ஜி.பி.எல். 3. அதோட வரைவை விவாதிச்ச சர்வதேச மாநாடுகள்ல ஒண்ணு 2006 ஆகஸ்ட்ல நம்ம பெங்களூருல நடந்துச்சு. 2007 ஜூன் 29-ல உரிமம் வெளிவந்துச்சு. வீட்டுச் சாதனத்துல இந்தக் கோடைப் போட்டு வித்தா, மாத்தி நிறுவத் தேவையான சாவியையும் தரணும். இந்தக் கோடை வெச்சே பூட்டு செஞ்சா, அதைத் தாண்டிப் போறவங்க மேல சட்டத்தை ஏவுற உரிமையை விட்டுடணும். இது சின்ன விஷயம் இல்ல. நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 2012-ல சேர்ந்த 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறுற எண்ணத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்.

ஆனா லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கல. சாதனத்தை எப்படிச் செய்யணும்ங்கிறது செய்றவங்க விஷயம்னு சொல்லி, லினக்ஸ் கெர்னலைப் பழைய ஜி.பி.எல். 2-லயே வெச்சுட்டார். ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறது அந்தக் கெர்னல்தான். அதனால பூட்லோடரை நிறுவனம் பூட்டி வெச்சா, உரிமத்தைக் காட்டித் திறக்கச் சொல்ல முடியாது. அங்கதான் பெரிய வாய்ப்பு கைநழுவிப் போச்சுன்னு நான் நினைக்கிறேன்.

என்னைக் கேட்டா, உரிமம் எந்தப் பூட்டையும் உடைக்காது. 'பூட்டு செய்ய என் இரும்பைத் தரமாட்டேன்'னு மட்டும்தான் அதால சொல்ல முடியும். சொந்த இரும்புல செஞ்சுக்கிறவங்களை ஒண்ணும் பண்ண முடியாது. கேஸ் போட ஆள் இல்லைன்னா அதுவும் வெறும் காகிதம்.

மியூனிக்ல ஆள் இருந்தாங்க. 2022 நவம்பர்ல சமரசம் ஆச்சு. ஃபேட் ஃபிரிட்ஸ் 2 விற்பனை நின்னுச்சு, செஸ்பேஸ் ஒரு வருஷம் ஸ்டாக்ஃபிஷைத் தொடக்கூடாதுன்னு முடிவாச்சு. கட்டற்ற மென்பொருள் விதிகளைப் பார்த்துக்க கம்பெனிக்குள்ளேயே ஒரு அதிகாரியை வைக்கவும் அவங்க ஒத்துக்கிட்டாங்க.